பதினான்கு வோல்ட்டும் கமலா ஆன்ட்டியும்

"அந்தப் பிள்ளை பேசாது லா, மீட்டர்தான் பேசும்."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே யாரோ என்னைப் பற்றிச் சொன்னது, சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. சிரம்பான் பக்கம் ரஹாங்கில் மாமாவின் ஸ்கூட்டர் பட்டறையில் மின்சார வேலை முழுவதும் என் பொறுப்பு. எலெக்ட்ரிகல் டிப்ளோமா படித்தவள்தான். ஆனால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. அதனால் வண்டியில் கண்டதைச் சீட்டில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவிடுவேன். பழைய ஸ்கூட்டர் வைத்து அவதிப்படும் நண்பர்களே, சார்ஜ் ஏறாத வண்டியின் குணம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டு வாசலில் கம்பீரமாகக் கிளம்பும். செம்பனைக் காட்டு நடுவில்தான் காலை வாரும்.

நிரம்பி வந்த பேட்டரி

லிங்கிப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் அருள் அங்கிள், தன்னைவிட வயதான ஸ்கூட்டர் ஒன்றை இரண்டு வருடம் உட்கார்ந்து புதுப்பித்தவர். பச்சைப் பெயிண்ட் ஏழு கோட். ஏழும் அவர் கையால் அடித்தது. பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது என்று கொண்டுவந்தார். மீட்டர் வைத்தேன். பேட்டரி முழு சார்ஜில் இருந்தது. அடுத்த வாரமும் அதே புகார், அதே முழு பேட்டரி.

மூன்றாம் முறை அவர் மனைவி கமலா ஆன்ட்டியும் பின்னாலேயே மகனின் காரில் வந்து இறங்கினார். ஒவ்வொரு முறையும் இங்கே வருவதற்கு முந்தின நாள் இவர் பேட்டரியைக் கழற்றி வீட்டுச் சார்ஜரில் போட்டு நிரப்பிக்கொண்டு வருகிறார் என்று அவர்தான் போட்டுக்கொடுத்தார். மெக்கானிக்கை இங்கே பொமென் என்பார்கள். அங்கிள் கொஞ்சமும் அசரவில்லை.

"பொமென்கிட்ட கொண்டு வரும்போது வண்டி நல்லா இருக்க வேணாமாம்மா?"

ஆன்ட்டி போட்ட நிபந்தனை

அன்றுதான் விஷயம் முழுவதும் தெரிந்தது. போன மாதம் ஒரு விருந்துக்கு இருவரும் இந்த ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறார்கள். தோட்டத்துச் சாலையில் மழை. முதலில் விளக்கு மங்கியது, பிறகு ஹாரன் ஊமையானது, கடைசியில் இன்ஜினே நின்றுவிட்டது. ஆன்ட்டி பட்டுச் சேலையோடு பெரிய சாலை வரை நடந்து, செம்பனைப் பழக்குலை ஏற்றிப்போன லாரியில் வீடு திரும்பியிருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை சிரம்பானில் அங்கிளின் தங்கை மகள் கல்யாணம். மண்டபத்து வாசலில் இருவரும் அந்தப் பச்சை ஸ்கூட்டரில் போய் இறங்க வேண்டும் என்பது அங்கிளின் இரண்டு வருட ஆசை. ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"சார்ஜ் ஏறுதுன்னு நீ சீட்டுல எழுதிக் குடு, உட்காருறேன். இவரு வாயால சொன்னா நம்ப மாட்டேன்."

பழி சுமந்த ரெகுலேட்டர்

வண்டியை அந்த வாரம் முழுவதும் எங்களிடமே விட்டுப் போனார்கள். இன்ஜினை முறுக்கினால் பேட்டரியில் பதினான்கு வோல்ட் காட்ட வேண்டும். மீட்டர் பன்னிரண்டிலேயே படுத்துக் கிடந்தது. காந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் காயிலைச் சோதித்தேன். மின்சாரம் ஒழுங்காக வந்தது. அப்படியானால் அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். மாமா புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதே பன்னிரண்டு. வேறு கடையில் இன்னொன்று வாங்கினார். அதுவும் பன்னிரண்டு. மாமா பழையதை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது மேல சும்மா பழி போட்டுட்டோம். மன்னிப்பு கேளு."

ஏழு கோட்

வெள்ளிக்கிழமை மதியம், ஒரு துண்டு வயரை எடுத்து ரெகுலேட்டர் உடம்பையும் பேட்டரியின் நெகட்டிவையும் இணைத்துப் பார்த்தேன். மீட்டர் சட்டென்று பதினான்குக்கு ஏறியது. ரெகுலேட்டரின் உடம்பு வண்டியின் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். தொட முடியாதபடி போல்ட்டுக்கு அடியிலும் அங்கிள் ஏழு கோட் அடித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை மகன் இருவரையும் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனான். அங்கிள் பட்டு வேட்டியில் இருந்தார். ஹேண்டிலில் இருந்த சீட்டை மூன்று தடவை படித்தார்: 'சார்ஜ் ஏறும். ஆனால் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும்.'

சுரண்டக் கூடாது என்றார். அந்தத் துண்டு வயரையே நிரந்தரமாக மாட்டிவிடலாம் என்றார் மாமா. அந்தக் காலத்து வண்டியில் இல்லாத வயர் தொங்கினால் ஸ்கூட்டர் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று அதையும் அங்கிள் மறுத்தார். வேறு வழி இல்லையா என்று என்னைக் கேட்டார். நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி, இல்லை என்று தலையாட்டினேன்.

ஆன்ட்டி ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தார்.

"அப்ப பெயிண்ட்டையே பின்னாடி உட்கார வச்சி கூட்டிட்டுப் போங்க. நான் வாடகைக் கார்ல வரேன்."

அங்கிள் என் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, நான் போல்ட்டைக் கழற்றிய இடத்தில் பத்து காசு நாணயத்தின் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். நான் போல்ட்டை முடுக்கி, இன்ஜினை முறுக்கி, மீட்டரில் பதினான்கைக் காட்டி, 'சார்ஜ் ஏறுகிறது' என்று புதுச் சீட்டு எழுதி ஆன்ட்டியிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்து மடித்துக் கைப்பையில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.