சுரங்கத்துக்குள் கறந்த பால்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்த காலம். அருமனைக்குக் கிழக்கே எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சுரங்கம் உண்டு. பென்சிலுக்கான கரியை வெட்டியெடுத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் அப்படியே போட்டுப்போனது. உள்ளே ஆள் செத்திருக்கிறானாம், அதனால் ஊரில் ஒருவனும் அந்தப் பக்கம் போகமாட்டான். மீசை மட்டும் பெரிதாக வைத்திருப்பார்கள்.

ஒரு மத்தியானம் மேயப்போன எங்கள் செவலைப் பசு திரும்பவில்லை. கன்று வீட்டில் கட்டிக் கிடந்து கத்துகிறது. குளம்புத் தடம் நேராகச் சுரங்கத்துக்குள் போயிருந்தது. உள்ளே குழி கிழி இருந்தால் மாடு போச்சு. என் வீட்டுக்காரர் சுரங்க வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு நெஞ்சு அடைக்குது. நீங்க ரெண்டுபேரும் போயிட்டு வாருங்க."

கூட வந்த அவருடைய தம்பி தாசன் சபையில் உபதேசியார். பிசாசு ஓட்டியதாக ஊர் ஊராகப் பெருமை பேசுகிறவன். "எனக்க பின்னால வந்தா போதும் மைனி" என்று ராந்தலைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். சுவரைத் தொட்டால் கை கறுத்துப் பளபளத்தது. ஒரு வளைவு திரும்பியதும் சத்தம் கேட்டது. பால் கறக்கிற சத்தம். சின்ன வயதிலிருந்து கறக்கிறவளுக்கு அது தெரியாதா, முதலில் வெறும் பாத்திரத்தில் பீச்சுகிற சத்தம், போகப்போக நுரையில் விழுகிற சத்தம், இடையிடையே மாட்டை அமர்த்துகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு, ஆணா பெண்ணா தெரியவில்லை.

உபதேசியார் ஜெபமும் பண்ணவில்லை, ஒரு மண்ணும் பண்ணவில்லை. ராந்தலோடு திரும்பி ஓடிவிட்டான். நான் இருட்டில் நிற்கிறேன். எனக்கு வந்தது கோபம்தான், ஏதோ களவாணிப்பயல் என்றுதான் நினைத்தேன்.

"ஆருடே அது? எனக்க மாட்டைக் கறக்க உனக்கு ஆரு சொன்னா?"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் செவலையின் ஈர மூக்கு என் கையில் பட்டது. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தேன்.

மடி பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தது. மாட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சடைப்பு போய்விட்டது. "வேற வழி கிடையாது, கறந்தவன் இதுவழிதான் வரணும்" என்று தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவர்களைக் கூட்டி வந்து, பொழுது சாயும்வரை கத்தியும் கம்புமாகக் காவல் நின்றார். யாரும் வரவில்லை. மறுநாள் கும்பலாக உள்ளே போனார்கள். வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாறை அடைத்து நின்றதாம், பாத்திரமும் இல்லை, ஆளும் இல்லை. தான் ஜெபித்ததால்தான் மாடு தப்பியது என்று தாசன் ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னான். வெட்கம் கெட்டவன்.

மாடு திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் கன்றை அவிழ்த்துவிடும்போது பார்த்ததை அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று காம்பு சொட்டுப் பால் இல்லாமல் கறந்திருந்தது. நாலாவதைத் தொடவே இல்லை, பால் கட்டி நின்றது. கன்று பாய்ந்து அதைத்தான் பிடித்தது.

பேய் என்று சொல்ல இப்போதும் எனக்கு வாய் வராது. களவாணி என்றும் சொல்ல முடியவில்லை. எந்தக் களவாணி கன்றுக்கு ஒரு காம்பு விட்டுவைப்பான்?