பங்கை மறந்துடாதே

அந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த மக்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். எண்பது வயதுப் பெரியவரும் அக்கா என்பார். பூசையில் வீறிடும் கைக்குழந்தையைச் சமாதானப்படுத்துகிற தாயும் "அதோ பாரு அக்கா" என்பாள். சாமியார் வீட்டில் சமைக்க வந்து இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. எந்த வீட்டில் டாக்டர் சொல்லி உப்பைக் குறைத்திருக்கிறார்கள், எந்த வீட்டு அம்மா ஒருசந்தி விரதம் என்று சொல்லிவிட்டு அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் தின்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சுவிட மாட்டாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் வாய்க்கு மட்டும் எங்கிருந்தோ பொருத்தமான மூடி கிடைத்திருந்தது.

அவள் சாப்பிடுகிற விதம்தான் விநோதம். சமையலறையின் பின்கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைக்கும்வரை திரும்ப மாட்டாள்.

காரணம் பெரிய சாமி, அவளை வேலைக்கு வைத்த முந்தைய பங்குச் சாமியார். அவர் செபம் சொல்லிச் சிலுவை போட்டதும், ஒரு வாய் வைப்பதற்கு முன்னால், தன் தட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்து வேறு தட்டில் வைப்பார். மிச்சம் மீதி அல்ல, முதல் பங்கு. மீன் துண்டு ஒன்றே ஒன்றுதான் என்றால் அதில் பாதி. அந்தத் தட்டை அக்கா பின்கதவுப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.

"யாரு எடுக்கறாங்கன்னு பாக்காதம்மா. முகத்தைப் பாத்துட்டா அது தர்மம் ஆயிடும். பங்கா இருக்காது" என்பார்.

அவள் சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறந்தால், தட்டு சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஒருநாள் தப்பியதில்லை.

யார் என்று அவள் பார்த்ததில்லை. ஆனால் மனசுக்குள் ஒரே ஒரு ஆளைத்தான் நினைத்திருந்தாள். தம்பியை.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. கடைசி வாயை அவன் தின்ன மாட்டான். உருட்டித் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்துபோவான். அவர்கள் வீட்டில் அதற்கு 'அக்கா வாய்' என்றே பெயர். வளர்ந்து குடியில் விழுந்தவன், ஒரு மதியம் அவள் வாடகை வீட்டின் பின்கதவைத் தட்டினான். அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். "அக்கா" என்றான். இவளுக்கு எரிச்சல். தினமும் இதே ரோதனை, கிடக்கட்டும் என்று மென்றுகொண்டே இருந்தாள். "அக்கா, பசிக்குது" என்றான். பானையில் சோறு இருந்தது. அதுதான் இன்றைக்கும் அவளால் தாங்க முடியாதது. சோறு இல்லாததால் அவள் கதவைத் திறக்காமல் இருந்துவிடவில்லை. கை கழுவிவிட்டுத் திறந்தபோது அவன் இல்லை. அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

இந்தப் பாவத்தைத்தான் பெரிய சாமியிடம் வந்து சொன்னாள். அவர் இத்தனை மணி செபமாலை என்று எதுவும் விதிக்கவில்லை. "நம்ம வீட்டுக்குச் சமைக்க வாயேன்" என்றார். அவள் சமைத்த முதல் நாளிலிருந்துதான் அந்த இரண்டாவது தட்டு.

எட்டிப் பார்க்க ஆசை இல்லாமலா? ஆனால் பார்த்து, அது வேறு யாராவது பிச்சைக்காரனாக இருந்துவிட்டால், தம்பி அன்றைக்கே செத்துவிடுவான். பார்க்காதவரை அவன் தினமும் சாப்பிடுகிறான். அவளுடைய விசுவாசம் மொத்தமும் அந்த ஒரு தட்டு அகலம்தான்.

பெரிய சாமி கண்மூடும்போது கடைசியாகச் சொன்னது "பங்கை மறந்துடாதே" என்பதுதான். அக்கா வாயிலிருந்து இதைக் கேட்ட பங்குப் பேரவைக்காரர்கள் உருகிப்போனார்கள். சாகும்போதும் நம் பங்கை நினைத்தாரே என்று கல்லறையில் பொன் எழுத்தில் பொறித்துவிட்டார்கள். ஆளாளுக்குத் தன்னிடம்தான் சொன்னார் என்று வேறு சாதித்தார்கள். அந்த நேரம் அறையில் இருந்தது அக்கா ஒருத்திதான், கையில் ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தோடு. அவர் கண் சமையலறைப் பக்கம் போனதை அவள் பார்த்தாள். பேரவைக்காரர்களிடம் போய்த் திருத்தவா முடியும்?

புதிதாக வந்த ஃபாதர் இளவயதுக்காரர். நல்லவர்தான், சாப்பாட்டை மட்டும் மருந்து மாதிரி விழுங்குவார். அவர் பங்கு வைக்காததால் அக்கா தன் பங்கிலிருந்து வைத்தாள். கோயில் ஒலிபெருக்கி திருட்டுப்போன பிறகு அவர் ஏழடிச் சுவர் எழுப்பினார். பின்கட்டு நாலு பக்கமும் அடைபட்டது. வாசல் இல்லை, குழாய் இல்லை, ஈ காக்கை வர ஒரு கிளை இல்லை.

மறுநாளும் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

தம்பி எப்படி வந்தான் என்ற கேள்வி எழுந்தது. அதை அமுக்கிவிட்டாள். ஆனால் தண்ணீர் குடிக்க வந்த ஃபாதர் படியில் ஈரத்தட்டைப் பார்த்துவிட்டார்.

"யாருக்கா கழுவினது?"

"நான் இல்ல ஃபாதர்."

அவர் சுவரை ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்தார். முகம் சரியில்லை. "இனிமே வெளிய எதுவும் வைக்க வேண்டாம்" என்றார். அக்கா கீழ்ப்படிந்தாள். சாமியார் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

முதல் நாள் ஃபாதர் சாப்பிட்டு முடித்த கால்மணி நேரத்தில் கூப்பிட்டார். "என்னக்கா, இன்னைக்குச் சாப்பாடு போடலையா?" கேலி என்று நினைத்தாள். அவர் விரல்களில் பருப்பு காய்ந்திருந்தது, கண்ணில் கேலி இல்லை. இரண்டாம் நாள் அவளுக்கும் அதே கதி. சோறு உள்ளே போனது, பானை காலியானது, பசி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் பூசையில் ஃபாதர் அப்பத்தை உட்கொண்ட பிறகும் வாயைத் திறந்தபடியே நின்றார். பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்குவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

நாலாம் நாள் மதியம். ஃபாதர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"அக்கா, பின்கதவுல யாரோ கூப்பிடறாங்க."

அவள் காதில் எதுவும் விழவில்லை. "என்னன்னு கூப்பிடறாங்க ஃபாதர்?"

"உங்களத்தான். 'அக்கா, பசிக்குது'ன்னு."

பங்கு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். யாராகவும் இருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மென்ற சோறு அப்படியே தொண்டைக்கு வந்து நின்றது. வாய் வைக்காத தன் தட்டை எடுத்தாள். ஃபாதர் பின்னாலேயே வந்தார். பின்கதவின் தாழை நீக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து, முழுத் தட்டையும் படியில் வைத்தாள். உச்சி வெயில் முகத்தில் அடித்தது. எதிரே யாரோ நிற்பதுபோல அந்த வெயில் சட்டென்று மறைந்தது.

கதவைச் சாத்திவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். ஃபாதர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்தீங்களா?"

தலையாட்டினார்.

"சொல்லாதீங்க ஃபாதர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லாதீங்க."

இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே தட்டில் விரல் உரசும் சத்தம். நிதானமாகச் சாப்பிடுகிற சத்தம். இந்தத் தடவை அவள் காதிலும் விழுந்தது. ஃபாதர் உதடு ஏதோ செபத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி தொடங்கியது. வெகுநேரம் கழித்து எல்லாம் அடங்கிய பிறகு அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

தட்டு கவிழ்ந்திருக்கவில்லை. கழுவியும் இல்லை. துடைத்த மாதிரி காலியாக இருந்தது. விளிம்பில் மட்டும் ஒரு வாய்ச் சோறு உருட்டி வைத்திருந்தது.

காலையில் வடித்த சோறு. எப்போதோ ஆறிப்போனது. கையில் எடுத்தபோது அந்த உருண்டை சூடாக இருந்தது. இனி அவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. "ஐயோ தம்பி" என்று வாய்விட்டு அழுதாள். பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, அவன் கோபமாக இல்லை என்ற நிம்மதி இருந்தது.

உள்ளே ஃபாதர் அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு, வெளியைப் பார்த்து உட்கார்ந்து, அந்த ஒரு வாயை மெதுவாக மென்றாள். கதவைச் சாத்தவில்லை.