மூன்றாம் வாசல்

அந்த ஊரில் அவளைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். பெரிய உள்ளரங்கத்தின் மேல்தளத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அறிவிப்புச் செய்கிறவள். எல்லாருக்கும் மைக் அக்கா. கூட்டத்தில் தொலைந்த குழந்தை, வழியை மறித்து நிற்கும் கார், இடைவேளை முடிந்த சேதி என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவள். முன்பெல்லாம் அந்தக் குரல் கேட்டால் ஊருக்கே உற்சாகம். இப்போது காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் கசகசவென்ற பேச்சு அடங்கிவிடுகிறது.

"கோவிச்சுக்காதீங்கக்கா, வேணுங்கறத கையால காட்டுங்க போதும். நீங்க தக்காளின்னு சொன்னாலும் எனக்கு மூணாம் வாசல் ஞாபகந்தான் வருது," என்றான் கடைக்காரன்.

தொற்றுக் காலத்தில் அரங்கத்தைக் கட்டில்களால் நிரப்பியிருந்தார்கள். யாராவது இறந்தால் அவளுக்கு ஒரு துண்டுச்சீட்டு வரும். அதில் பெயர் இருக்காது. பெயர் சொன்னால் ஊர் சாவுகளை எண்ணத் தொடங்கும், எண்ணினால் கேள்வி கேட்கும் என்று மேலிடத்துக்குப் பயம். கட்டில் எண் மட்டும் இருக்கும். "இன்ன கட்டிலின் உறவினர் மூன்றாம் வாசலுக்கு வரவும்." மூன்று முறை சொல்வாள். வெளியே வெயிலில் காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போவார்.

ஒருநாள் நாற்பத்தொன்பதாம் கட்டிலை அழைத்தாள். யாரும் எழவில்லை. மூன்றாம் முறை சொல்லிவிட்டு மைக்கை அணைத்து, "பெத்து வளத்தவங்களோ கட்டினவங்களோ, யாராயிருந்தாலும் கல்நெஞ்சுக்காரங்க," என்று திட்டினாள். மாலையில், தொற்று வந்து அங்கேயே கிடந்த கணவனுக்கு மாற்றுத்துணி கொண்டுபோனபோது அவன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். விடியற்காலையிலேயே அவனை இடம் மாற்றியிருந்தார்கள்; அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் கிடந்தது நாற்பத்தொன்பதில். உடலை ஏற்றிய வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது.

அதன்பிறகு அவள் அந்த வாசல் பக்கமே போனதில்லை. அது தானாகத் திறக்கிறது, பேய் நடமாட்டம் என்று காவலாளிகள் பேசிக்கொண்டார்கள். கதவு தானாகத் திறக்கப் பேய் எதற்கு? தேய்ந்த கீலும் கொஞ்சம் காற்றும் போதும். அவளுக்குப் பயம் பேயிடம் இல்லை. அழைத்தும் போகாதவள் அல்லவா அவள்!

இரண்டு வருடம் கழித்து, உலக விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்த ஊர் விண்ணப்பம் போட்டது. அரங்கத்தைச் சோதிக்க வெளிநாட்டுக் குழு வருகிறது என்று தெரிந்ததும் மேலாளர் மாடியேறி வந்தார்.

"அக்கா, பழச மட்டும் வாயில எடுத்துடாதீங்க. தொற்றுக் காலம் முழுக்க அரங்கம் பூட்டிக் கெடந்துச்சுன்னு விண்ணப்பத்துல எழுதியாச்சு. போட்டி கெடச்சா உங்க வேலை நிரந்தரம். கெடுத்தீங்க, நாளையிலேருந்து வர வேண்டாம்."

"பூட்டிக் கெடந்த எடத்துல என் வீட்டுக்காரர் எப்படி சார் செத்தாரு?"

"அதத்தான் வாயில எடுக்காதீங்கன்னேன்."

குழு வந்த அன்று இருக்கைகளை நிரப்ப ஊர்க்காரர்களையே கூட்டிவந்திருந்தார்கள். தீ விபத்து என்றால் கூட்டம் எப்படி வெளியேறும் என்பதுதான் கடைசிச் சோதனை. கையில் கொடுத்த தாளை அவள் படித்தாள்.

"கிழக்கு வரிசையில் இருப்பவர்கள் மூன்றாம் வாசலுக்கு வரவும்."

ஒருவரும் அசையவில்லை. இருமல்கூட இல்லை. கிழக்குக் கோடியில் அந்தக் கதவு முனகிக்கொண்டு தானாகத் திறந்தது. "திரும்பச் சொல்லுங்க!" என்று உள்தொலைபேசியில் சீறினார் மேலாளர். சொன்னாள். இன்னொரு முறையும் சொன்னாள். மூன்று முறை ஆயிற்று. அன்றைக்கும் இப்படித்தான், யாரும் வரவில்லை.

நிரந்தர வேலையை நினைத்தாள். பிறகு மைக் பக்கம் குனிந்தாள்.

"நாப்பத்தொம்பதாம் கட்டிலோட சொந்தக்காரி நான்தான். இதோ வரேன்."

மைக்கை அணைக்காமலே எழுந்தாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்வது எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. அவள் களத்தைத் தாண்டி நடந்தபோது கிழக்கு வரிசையில் காய்கறிக்காரன் எழுந்தான். "பதினேழு," என்றான், யாரிடமென்று இல்லாமல். அவன் பின்னால் ஒரு கிழவர் தன் வீட்டாரின் கட்டில் எண்ணை முணுமுணுத்தார். பிறகு ஒரு பெண். மந்திரம் போட்டாற்போல, ஆளுக்கொரு எண்ணாக, வரிசை மூன்றாம் வாசல் வழியே போனது.

"இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை," என்றார் குழுத்தலைவர் தம் மொழியில். "அந்த அம்மா என்ன சொன்னார்?"

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் பின்னால் வாருங்கள் என்றார், ஐயா."

அவள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தாள். எதுவும் இல்லை. விருந்தினர் கார்களுக்காகத் தரையில் புதிதாகப் போட்ட வெள்ளைக் கட்டங்கள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் எண். நாற்பத்தொன்பதைத் தேடிப்பிடித்து அதற்குள் போய் உட்கார்ந்தாள். வந்தவர்களும் தங்கள் தங்கள் கட்டத்தைத் தேடினார்கள். கார் நின்ற இடத்தில் காரை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

குழு வெளியே வந்தபோது ஒரு கார்கூட நகர வழியில்லை. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் அழவில்லை. இவர்களெல்லாம் எதற்காக இப்படி எண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். மேலாளர் தன் காலடியில் இருந்த எண்ணைக் காலணியால் மறைத்துக்கொண்டார்.