லேப் அண்ணன் அழைத்துப்போன பன்னிரண்டு பேர்

கல்லூரியில் அவரை எல்லோரும் லேப் அண்ணன் என்பார்கள். இருபத்தாறு வருடமாக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து ஊற்றி, விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிப்போன மனிதர். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே ஜெபத்துக்குக் கூடுவார்கள். கதவைத் திறந்துவிட்டு, முக்காலிகளை வட்டமாகப் போட்டு, அவரும் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்.

"வாரத்துல ஒரு மணி நேரம் இங்க பாடிட்டுப் போனா ஆச்சா? படிப்பு முடிஞ்சா இந்த ரூம் உங்ககூட வருமா? நமக்குன்னு ஒரு சபை வேணும்" என்று விடாமல் சொல்லி, ஒரு ஞாயிறு பன்னிரண்டு பேரையும் தன் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தவர்களை ஓர் அம்மாள் எழுப்பிவிட்டாள். "தம்பி, இது எங்க குடும்பம் உட்கார்ற இடம்." ஐந்தாம் வரிசையிலும் அதே கதை. கடைசியில், சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிந்தபின் ஒருவர்கூட அவர்கள் பெயரைக் கேட்கவில்லை.

லேப் அண்ணன் போதகரிடம் போனார். "ஐயா, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு ஒரு பிள்ளைய மதியம் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்க. அப்பதான் ஒட்டும்." போதகரும் அறிவித்தார். சரியாகப் பன்னிரண்டு வீட்டார் கை தூக்கினார்கள். லேப் அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. ஒருவர் வீட்டுக்குத் திடீர் விருந்தாளி, இன்னொருவருக்குத் தலைவலி, மற்றவர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்கள். தேய்த்த சட்டையோடு வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்த லேப் அண்ணன், "வாங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

கதவைத் திறந்த மனைவி தலைகளை எண்ணினாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இருக்கிறதே ஆறு தட்டு."

"ஆறு ஆறு பேரா சாப்பிடட்டும்."

"நாம?"

"நாம அப்புறம் பார்த்துக்கலாம்."

அன்றைக்கு அந்த இரண்டு அறை வீடு சிரிப்பில் அதிர்ந்தது. அதுவே வினையாயிற்று. வாராவாரம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். தேவாலயத்துக்கு வருகிறவர்கள் எட்டாகி, மூன்றாகி, யாருமே இல்லை என்றானது.

"எங்களுக்கு உங்க வீடே போதும் அண்ணே" என்றாள், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் மாணவி. "அங்க போனா, தெரியாத கல்யாணத்துல நுழைஞ்ச மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லாதம்மா" என்றார். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லையே.

போதகர் கூப்பிட்டு அனுப்பினார். "வீட்ல தனிச் சபை நடத்துறீங்களாமே?"

"ஐயா, இங்க கொண்டுவரத்தானே நான்..."

"சாப்பாடு போடுறத நிறுத்துங்க. தானா வருவாங்க."

நிறுத்திப் பார்த்தார். பிள்ளைகள் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில்கூட ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். "பிள்ளைங்கள ரெண்டுங்கெட்டானா ஆக்கிட்டீங்க" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வருடம் நெட்டை வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். ஒருநாள் போன் செய்தாள்.

"அங்க எந்தச் சபைக்காவது போறியாம்மா?"

"ரெண்டு இடத்துக்குப் போனேன் அண்ணே, வாசல் வரைக்கும். யாராச்சும் வந்து கூப்பிடுவாங்களான்னு கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் திரும்பிட்டேன்."

உள்ளே போயிருக்கலாமே என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.