மோட்டார் கொட்டாய்ப் பதிவும் ஓர் அனானியும்

பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் என் வலைப்பூவைத் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம். மேலே நெல் வயலில் சூரியன் உதிக்கும் படம், அதுவும் எங்கிருந்தோ சுட்டது. அதன்மேல் வளைந்து நெளிந்த எழுத்தில் வலைப்பூவின் பெயர். வரப்பு, ஈரம், வாசம் மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர், இங்கே எழுதக் கூசுகிறது. பக்கத்தில் என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்ட அறிமுகம்: ‘தேடலில் இருக்கும் சாமானியன். மண்ணையும் மனிதர்களையும் நேசிப்பவன்.’ அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செங்கல்பட்டில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் பயோடேட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். சாமானியன் என்பது மட்டும் உண்மை, அதையும் பெருமைக்காகத்தான் எழுதியிருந்தேன்.

திறக்க வைத்தது பழைய கூட்டம். அந்தக் காலத்தில் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ரோஜாப்பூவும் டீக்கோப்பையும் அனுப்பிக்கொள்வதுதான் இப்போது அவர்களுடைய இலக்கியப் பணி. அதில் ஒருவருக்குத் திடீரென்று ஞானம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் எல்லாரும் கூட வேண்டும், அதற்குள் அவரவர் பழைய வலைப்பூவில் புதிதாக ஒரு பதிவு போட வேண்டும் என்று அறிவித்தார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: ‘நான் வளர்ந்த கதை’. நாற்பது, ஐம்பது வயதில் வளர்ந்த கதை எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் குழுவில் போடும் படங்களிலேயே தெரியும். நானும் மறுபேச்சில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பிழைப்பே பின்னூட்டத்தில்தான் ஓடியது. ஒருவர் பதிவு போட்டதும் முதல் ஆளாக ஓடிப்போய் ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று எழுதிவிட்டு வர வேண்டும். படிப்பது அப்புறம், பெரும்பாலும் படிப்பதே கிடையாது. ‘அருமை நண்பரே, தொடருங்கள்’ என்று நான் அவருக்கு எழுதினால் அவர் எனக்கு எழுதுவார். ஒரு பாவப்பட்ட மனுஷன் தன் மாமா செத்துப்போனதை எழுதியபோதும் கீழே ‘கலக்கல், தொடருங்கள்’ என்று ஒருவர் போட்டிருந்தார். போட்டவர் யாரென்று சொல்லிவிடுகிறேன், நான்தான்.

அந்தக் கூட்டத்தில் யாருடைய பதிவுக்குக் கூட்டம் சேர்ந்தது என்றால், ஊரை எழுதியவர்களுக்குத்தான். ஆற்றுப் பாசனக்காரர்கள் தங்கள் தோப்பையும் துரவையும் எழுதினார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உட்கார்ந்திருந்த ஜனம் விழுந்து விழுந்து அழுதது. நானும் பார்த்தேன். எனக்கும் ஊர் இருக்கிறதே, படாளத்துக்குப் பக்கத்தில். ஆனால் எங்களுக்கு அங்கே இருந்தது காலனியில் ஒரு தொகுப்பு வீடு, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு நிலத்துக்காரரிடம் கூலிக்குப் போனார். அவருடைய மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் மடை திருப்புவதும் நைனாவின் வேலை. இடது கை ஆள்காட்டி விரலில் பாதி அந்த மோட்டார் பெல்ட்டில்தான் போனது.

இதை அப்படியே எழுதியிருந்தால் யாராவது படித்திருப்பார்களோ என்னவோ. நான் எழுதியது வேறு. ‘எங்கள் மோட்டார் கொட்டாய்’ என்று தலைப்பு. எங்கள் இரண்டு ஏக்கர் வயல், எங்கள் பம்ப்செட், எங்கள் தொட்டி, அதில் குதித்துக் குளித்த என் பால்யம். நிலத்துக்காரர் அந்தத் தொட்டியில் எங்களைக் கால் நனைக்கவும் விட்டதில்லை. சரி, பொய் சொன்னது அதோடு நின்றதா என்றால் இல்லை. வயல் இருந்தால் வயலில் ஓர் ஆள் வேண்டுமே. அதற்கு என் கண்முன் இருந்தது ஒரே ஒருவர். ‘எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். இடுப்பில் துண்டு, பாதி விரல் இல்லாத கை. அந்தக் கை பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் எங்கள் மோட்டார் பேசும். அவ்வளவு விசுவாசம்.’

அந்த வரியை இப்போது படித்தபோது என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சொந்த அப்பனைப் பண்ணையாளாக எழுதி, அவருக்கு விசுவாசச் சான்றிதழும் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது நான் உண்மையிலேயே அழுதேன் என்பது இதைவிடக் கேவலம். ஜனமும் அழுதது. அறுபதுக்கு மேல் பின்னூட்டங்கள், என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வந்ததில்லை.

நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெயர் போடாமல் பின்னூட்டம் எழுதுகிறவர்களை அனானி என்போம். அப்படி ஓர் அனானி ஒரே வரி எழுதியிருந்தார்: ‘அந்த ஆள் யாருங்க?’

எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் நினைவிருக்கிறது. யாரோ கண்டுபிடித்துவிட்டான் என்ற பயம்தான், ஆத்திர வேஷத்தில் வந்தது. பத்து நிமிஷத்தில் பதில் போட்டேன். அதுவும் அங்கே அப்படியே இருக்கிறது: ‘பெயர் போடத் துணிவில்லாத அனானி நண்பருக்கு, உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. எங்கள் வயலில் கூலிக்கு வந்த யாரோ ஒருவருடைய பிள்ளையாக இருப்பீர்கள். படித்து முன்னேற வாழ்த்துகள்.’ அதற்குக் கீழே நண்பர்கள் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘சரியான சாட்டையடி’ என்றார் ஒருவர். அனானி திரும்பி வரவில்லை. வேறு எவனும் இப்படிக் கேட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே, நான் அனுமதி கொடுத்தால்தான் பின்னூட்டம் வெளியே தெரியும்படி பூட்டும் போட்டேன். கொஞ்ச நாளில் டைப்பிங் சென்டரை மூடிவிட்டார்கள், நானும் எழுதுவதை விட்டேன்.

இப்போது நான் பத்திரம் எழுதுகிறவன். செங்கல்பட்டில் சின்ன ஆபீஸ். வருகிறவர்களிடம் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம் எங்கே என்றுதான். அது இல்லாமல் அரை சென்ட் நிலத்தைக்கூட எவர் பெயரிலும் எழுத மாட்டேன், வடக்கே யார் கிழக்கே யார் என்று நாலு எல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் தொடுவேன். அப்படிப்பட்ட கறார்ப் பேர்வழி ஒரு காலத்தில் இரண்டு ஏக்கரைப் பத்திரமே இல்லாமல் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவன். வளர்ச்சி என்றால் இதுவாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். கடற்கரையை ஒட்டி ஓர் ஓட்டலின் மாடி. வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வீடியோவில் வாழ்க்கைத் தத்துவம் சொல்கிறார்கள், மீதிப் பேர் அதற்கு லைக் போடுகிறார்கள். வளர்ந்த கதையை ஒருவர்கூட எழுதிக்கொண்டு வரவில்லை. அதனால் ஏற்பாடு செய்தவர் பழைய பதிவுகளில் ஒன்றை வாசிக்கலாம் என்றார். அவர் எடுத்தது என்னுடையதை. நான் வேண்டாம் என்றதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வஞ்சிரம் வறுவல் வந்துகொண்டிருக்க, அவர் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு குரலை நடுக்கி நடுக்கி முழுவதையும் வாசித்தார். விசுவாசம் என்ற இடத்தில் நிறுத்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா, அனானியின் கேள்வியையும் என் பதிலையும் சேர்த்து வாசித்தார். மேசையே சிரித்தது. அந்தக் காலத்திலேயே நம்மாளுக்கு என்ன நாக்கு பாருங்கள் என்றார்கள். நானும் சிரித்தேன். அந்த மேசையில் அன்றைக்கு இருந்தவர்களில் கேவலமானவன் யார் என்று ஓட்டெடுத்திருந்தால் போட்டியே இல்லாமல் நான் ஜெயித்திருப்பேன். அந்த ஆள் என் அப்பா என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். சொல்லாமல் இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகச் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். கோட்டைக்குப் பின்தெருவில் என் தங்கை வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்ச்சுக்குப் போய் வந்த சேலையை மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டாள். மீன் இறங்கவில்லை என்றேன்.

பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன், அந்தப் பதிவை அழித்துவிடுவது என்று. போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டலில் நடந்ததை அவளிடம் சொன்னேன். கூட்டத்தைத் திட்டினேன், வாசித்தவரைத் திட்டினேன், கண்ணைத் துடைத்த அம்மாளைக்கூட விடவில்லை. கடைசியில், அந்த அனானி எவனோ, அவன் ஒருவன்தான் யோக்கியன், எங்கே இருக்கிறானோ என்றேன். அழிக்கவா என்று போன் கேட்டது. அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“அவன் இல்ல. அது நான்தான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள், வகுப்பில் சொல்வது மாதிரி. நான் வீட்டில் பீற்றிக்கொண்டதைக் கேட்டு, காலேஜ் விட்டு வரும்போது செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய்ப் படித்திருக்கிறாள். பாதி விரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெயர் போட்டு எழுத இணையக் கணக்கு எதுவும் அவளிடம் இல்லை, அதனால் அனானி. எங்க நைனா என்று நானே பதில் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். மறுநாளும் காசு கொடுத்து உட்கார்ந்து, என் பதிலைப் படித்திருக்கிறாள்.

“கூலிக்காரன் புள்ளன்னு எழுதின. கரெக்ட்டாதான் எழுதின,” என்றாள். “படிச்சி முன்னேறுன்னு வாழ்த்தியும் உட்ட. அதுவும் பலிச்சிடுச்சி.”

நான் எங்கேயாவது போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் விடவில்லை. என் கேவலத்தில் எனக்கே தெரியாத பாதி ஒன்று இருந்தது. மகன் கம்ப்யூட்டரில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று யாரோ சொல்லி, நைனா அவளைப் படித்துக் காட்டச் சொல்லி நச்சரித்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. அவள் இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து வந்து, வேப்பமரத்தடியில் அவரை உட்கார வைத்துப் படித்திருக்கிறாள்.

“ஆளுன்னு வர்ற எடத்துல எல்லாம் நைனான்னு மாத்திகினே படிச்சேன். எங்க மோட்டாருன்னு வந்தா மொதலாளி மோட்டாருன்னு மாத்துனேன். விசுவாசத்த வுட்டுட்டேன்.”

நைனா என்ன சொன்னார் என்று கேட்டேன். திரும்பப் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டாராம். நல்லாத்தான் எழுதியிருக்கிறான், ஆனால் மோட்டார் தண்ணி இழுக்காதபோது குழாயில் சாணித்தண்ணி ஊற்றுவதை விட்டுவிட்டான், அதை ஊற்றாமல் அந்த மோட்டார் எங்கே ஓடும் என்றாராம். வாஸ்தவம். அதை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். சாணி என் வலைப்பூவின் அழகுக்குப் பொருந்தவில்லை.

“பேப்பர குடு, டீக்கடைல காட்டறேன்னாரு. வேற யார்னா படிச்சிக் காட்டினா இன்னா ஆவறது? மழைல நனைஞ்சி பூடுச்சின்னு சொல்லிட்டுக் கிழிச்சிப் போட்டேன்.”

அதற்கு அடுத்த வருஷம் நைனா போய்விட்டார். என் பதிவை அவர் கேட்கவே இல்லை. அவர் கேட்டதும் சந்தோஷப்பட்டதும் அவள் வாயால் எழுதியதை. எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் இதை இப்போதே அழித்துத் தொலைக்கிறேன் என்று போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அழிச்சா நான் கேட்டதும் சேந்து பூடும். கேட்டது அங்கயே கீது. பதில் சொல்லு.”

அந்தச் சாட்டையடிகளும் சிரிப்புகளும் என் வாழ்த்தும் எல்லாம் இருக்கட்டும், ஒன்றையும் தொடாதே என்றாள். திருத்தவும் கூடாதாம். பரீட்சையில் தப்பாக எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், தாளைக் கிழிக்கக் கூடாது என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். அதை எனக்கும் சொன்னாள். பேப்பர் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு நான் எழுதுவதற்காகக் காத்திருந்தாள்.

அவளுடைய ஒற்றை வரிக்குக் கீழே பதில் பெட்டியைத் திறந்தேன். பத்திரம் எழுதிப் பழகிய கை, ஒரு சொல்லுக்கு நாலு சொல் போடும் கை, நகரவில்லை. வெகுநேரம் கழித்து, ‘அவர் என் தந்தை’ என்று அடித்தேன். அடித்ததை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனை என் மடியில் போட்டாள்.

“தந்தையா? நம்ம வூட்ல யாரு அது?”

அதை அழித்தேன். ‘எங்க நைனா’ என்று அடித்து அனுப்பினேன். நான் போட்ட பூட்டு இன்னும் அப்படியே இருந்தது, வலைப்பூவின் சொந்தக்காரர் அனுமதித்தால்தான் வெளியாகும் என்றது. அனுமதித்தேன். அவள் தன் போனில் திறந்து ஒருமுறை பார்த்தாள். அப்புறம் எனக்குச் சோறு போட எழுந்து போனாள்.