மாயாபந்தர் கடையில் எடுத்த படம்

எங்கள் தீவுகளில், மாயாபந்தர் படகு ஜெட்டிக்குப் போகும் சாலையில் ஒரு பெண்மணி டைப்பிங் கடை வைத்திருந்தார். ஒரு கணினி, ஒரு பழைய பிரிண்டர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கணவர் இறந்த பிறகு அந்தக் கடையால்தான் வீடு நடந்தது.

நான் கல்லூரியில் கணினி கற்பித்து ஓய்வு பெற்றவன். திருட்டு மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறுங்கள், இலவசம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று தீவு தீவாகப் போய்ப் பேசினேன். அதை இன்றும் நம்புகிறேன்.

அவர் சம்மதித்தார். “பழசும் ஒரு ஓரமா கெடக்கட்டுமே சார்” என்றார். ஒரே கணினியில் இரண்டையும் வைக்க முடியும். ஆனால் பழையது இருந்தால் அதற்கே திரும்பிவிடுவார் என்று நினைத்து முழுவதையும் அழித்தேன். புதிய திரைக்கு முன்னால் அவரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். பிரிண்டரைச் சோதிக்காமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் போன் வந்தது. “சார், ஸ்கிரீன்ல எல்லாம் வருது. பேப்பர்தான் வரமாட்டேங்குது. ஆளுங்க லைன்ல நிக்கிறாங்க.”

“அதுக்கு டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் வேணும்மா. நெட்ல எறக்கிக்கலாம்.”

“இங்க நெட்டா? அது எறங்குறதுக்குள்ள மெயின்லேண்ட் கப்பலே வந்துரும் சார்.”

தீவுக்கு இணையம் தரும் கடலடிக் கேபிள் வராத காலம். அந்த டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் அனுப்புவோம். என் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ் நிலையம் வரை போனால் போதும். போகவில்லை. மெயின்லேண்டில் ஒரு கூட்டத்துக்கு உரை தயாரித்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் அவர் படத்தைக் காட்டி, “யாரையும் நம்பியிராமல் தொழில் செய்கிறார்” என்றேன். கைதட்டினார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரென்று தெரியும். எடுக்கவில்லை.

திரும்பி வந்து, பென் டிரைவோடு நானே போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடை வங்காளி, “சாம்னே, சாம்னே” என்று எதிர்ப்புறம் கைகாட்டினார். அங்கே வேறொருவரின் ஜெராக்ஸ் கடையில் அவர் சம்பளத்துக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். டீ குடிக்கிறீங்களா?”

பென் டிரைவை நீட்டினேன்.

“பிரிண்டர வெலைக்குக் குடுத்துட்டேன் சார். கம்ப்யூட்டர் வீட்ல இருக்கு. புள்ளைங்க படம் பாக்குதுங்க. அதக் குத்தம் சொல்ல முடியாது, நல்லாத்தான் ஓடுது.” கை நிற்கவில்லை. “அந்த போட்டோ நல்லா வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

அவர் டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த கூட்டத்திலும் அந்தப் படத்தைக் காட்டினேன். உரையிலிருந்து அதை எடுத்துவிடத்தான் நினைத்தேன். அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறு படம் இல்லை.