மிஸ்ஸிங் அடித்த குறட்டை

எங்கள் வீட்டில் குறட்டை ஒரு பெருமை. நெட்டுக்குப்பத்தில் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டு வந்து, சோறு தின்று படுக்கிற மனிதன் பகலில் குறட்டை விட்டால்தான் உழைத்தவன் என்று பெயர். என் அப்பா விட்டால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். ஏழு வயதில் நானும் அப்படியே விட்டேன். வருகிறவர்களிடமெல்லாம், "அப்பனை உரிச்சி வெச்சிகினு பொறந்துகீது" என்று அம்மா பூரித்துப்போய்ச் சொல்வாள்.

விழித்திருக்கும் நேரத்தில் நான் அப்படிப் பூரிக்கத்தக்க பிள்ளை இல்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டேன். பென்சிலைக் கடிப்பேன், பக்கத்தில் இருப்பவளையும் கடிப்பேன். இன்று படித்தது நாளைக்கு நினைவிருக்காது. ஒருநாள் சத்துணவு வரிசையில் ஒருத்தியைத் தள்ளிவிட்டேன், அவள் பல் உடைந்தது. டீச்சர் அம்மாவை வரவழைத்து, பெரியாஸ்பத்திரியில் பிள்ளையின் மூளையைக் காட்டிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். கெண்டைக்காலில் வரிவரியாகத் தடித்துவிட்டது. எனக்கு அந்த வலியைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. மூளையைக் காட்டுவதென்றால் வெளியே எடுத்துத்தான் காட்ட வேண்டுமோ?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. ஃபைபர் படகுகளின் இஞ்சினைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். அறையில் அப்பா ஒரு பாயிலும் நான் ஒரு பாயிலும் தூங்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் நடந்ததை அம்மா நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். மாமா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"இன்னாடா, கொழம்பு நல்லா இல்லியா?"

"அத்த வுடுக்கா. மச்சான்து ஒரே சீரா ஓடுது. பாப்பாது மிஸ்ஸிங் அடிக்குது. நின்னுட்டு, அப்பால திணறிக்கினு எடுக்குது பாரு."

"கொறட்டைய போயி இஞ்சின்ற. துன்னுட்டு போடா."

அவர் எச்சில் கையோடு எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். இடது கையால் செல்போனை என் முகத்தருகே பிடித்துப் பதிவு செய்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார். கடைசியில், ராத்திரி எப்படித் தூங்குகிறாள் என்றார். "அதுல ஒரு கொறையும் இல்ல டாக்டரம்மா. படுத்தா கொறட்டதான்" என்றாள் அம்மா, அந்த ஒன்றிலாவது நான் மானத்தைக் காப்பாற்றினேனே என்ற நிம்மதியில். உடனே, கூட வந்திருந்த மாமா செல்போனை நீட்டினார். டாக்டரம்மா அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்கும்னு தோணுது. மூச்சு அடைச்சு அடைச்சு, இவ ராத்திரி பூரா சரியா தூங்கவே இல்லம்மா. தூக்கம் பத்தலன்னா நாம சோர்ந்து போவோம். சில குழந்தைங்க இப்படி ஆடித் தீர்க்கும். எல்லாருக்கும் இதுதான் காரணம்னு இல்ல. முதல்ல இதைச் சரி பண்ணிப் பார்ப்போம்."

அம்மா அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். மூளையை யாரும் வெளியே எடுக்கப்போவதில்லை என்பதில் எனக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

அறுவை சிகிச்சை முடிந்து நாலைந்து மாதத்தில் நான் பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன். கடிப்பது நின்றது, பேச்சு நிற்கவில்லை. டி.சி. பற்றி டீச்சர் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் ஒரு குறட்டைதான் மிச்சம். மத்தியானம் நான் படுத்தால் போதும், மீன் ஆய்வதைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா வந்து என் மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். "தள்ளும்மா, நாறுது" என்று திரும்பிப் படுப்பேன். ஒருநாள் அந்தக் கை மூக்கை விட்டு இறங்கி, என் கெண்டைக்காலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தது. கொசு கடித்த இடத்தைத் தேடுகிறாள் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டேன். துடைப்பம் விழுந்த இடம் அது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்போதெல்லாம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.